க்ரீம் முட்டைக்கோஸ்: சத்தும் உடல்நலமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்தப் பதார்த்தம்?

வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸைப் போட்டு மூடி வேகவிட்டு, கடைசியில் பால் க்ரீம் ஊற்றி, ஜாதிக்காயைத் துளி துருவிப் போட்டு இறக்குவது. வட ஐரோப்பாவில் குளிர்காலத்து வீட்டுச் சாப்பாடு இது. ஜெர்மனியில் சுருக்கம் விழுந்த இலைகொண்ட சவாய் கோஸில் செய்து ராம்விர்சிங் என்பார்கள். டென்மார்க், நார்வே பக்கம் சாதாரண வெள்ளைக் கோஸை எடுத்துக்கொண்டு, மாவும் பாலும் காய்ச்சிய வெள்ளை சாஸில் புரட்டுவார்கள். அங்கே பக்கத்தில் உருளைக்கிழங்கும் இறைச்சி உருண்டையும் இருக்கும். நம் வீடுகளில் சப்பாத்தி இருக்கும்.

கீழே வரும் கணக்கெல்லாம் நான்கு பேருக்கான இந்த அளவுக்கு: கோஸ் 800 கிராம், வெங்காயம் 100 கிராம், வெண்ணெய் 30 கிராம், 30 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் 200 மில்லி. சத்து அட்டவணைகளின் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டுக் கோஸில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

ஒரு பங்கில் எத்தனை கலோரி?

ஏறத்தாழ 260. முழுச் சட்டியையும் எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 800 கிராம் கோஸில் இருப்பது 200 கலோரி மட்டும்தான். 200 மில்லி க்ரீமில் 590. வெண்ணெயில் 215. கண்ணுக்குச் சட்டி நிறையக் கோஸ்தான் தெரிகிறது; கலோரியில் அதன் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

இந்தியாவில் டெட்ரா பேக்கில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீம் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்புள்ளது. அதை ஊற்றினால் மொத்தத்தில் 100 கலோரி அளவுக்குக் குறையும். ஒரு ஆளுக்கு 25 கலோரி. அதை வைத்து நிம்மதியடைய ஒன்றுமில்லை.

சரி, சத்து என்று என்ன கிடைக்கிறது?

கோஸ் 92 சதவீதம் தண்ணீர். அப்படியிருந்தும் மிச்சமிருக்கும் 8 சதவீதத்தில் நல்ல சரக்கு இருக்கிறது. பச்சைக் கோஸ் 100 கிராமில் வைட்டமின் சி 36 மில்லிகிராம், வைட்டமின் கே 76 மைக்ரோகிராம், ஃபோலேட் 43 மைக்ரோகிராம், நார்ச்சத்து 2.5 கிராம், கால்சியம் 40 மில்லிகிராம்.

நம் கணக்கில் ஒருவருக்கு 200 கிராம் கோஸ் வருகிறது. வேகும்போது வைட்டமின் சி பாதி போனாலும் 35 மில்லிகிராமுக்கு மேல் மிஞ்சும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020 பரிந்துரைப்படி நாளுக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். ஒரு வேளைத் தொடுகறி பாதிவரை கொடுக்கிறது என்றால் குறைவில்லை. நார்ச்சத்து வெங்காயத்தையும் சேர்த்து ஐந்து கிராமுக்குச் சற்று மேல்.

புரதம் மட்டும் ஏமாற்றம்தான்: பங்குக்கு 4 கிராம். க்ரீம் பாலிலிருந்து வருவதால் புரதம் நிறைய இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. க்ரீம் என்பது பாலின் கொழுப்பைத் திரட்டி எடுத்தது; புரதம் ஆடை நீக்கிய பாலோடு போய்விடும். சப்பாத்திக்கு இதை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பாட்டை முடித்துவிடாதீர்கள். ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் பருப்போ, சுண்டலோ கூட இருக்கட்டும்.

கொழுப்புதான் பயமாக இருக்கிறது. க்ரீம் அவ்வளவு கெட்டதா?

ஒரு பங்கில் கொழுப்பு 21 கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு 13 கிராம். நாள் முழுவதற்குமான கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். ஆக, தொட்டுக்கொள்ளும் கறி ஒன்றிலேயே நாளின் அளவில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. அதே நாளில் காலையில் நெய் ரோஸ்ட், மாலையில் பட்டர் பிஸ்கட் என்றால் கணக்கு எகிறிவிடும்.

ஆனால் பால் கொழுப்பு எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பாலில் கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாக, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியபடி இருக்கிறது. க்ரீமில் அந்தச் சவ்வு பெரும்பாலும் அப்படியே நிற்கும். வெண்ணெய் கடையும்போது உடைந்து மோரோடு போய்விடும். 2015இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், உடல் பருமன் கூடியவர்களுக்கு எட்டு வாரம் தினம் 40 கிராம் பால் கொழுப்பு கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு க்ரீமாக, இன்னொரு குழுவுக்கு நெய்யைப் போன்ற வெண்ணெய் எண்ணெயாக. இரண்டாவது குழுவுக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது; க்ரீம் குழுவுக்கு அப்படி ஏறவில்லை. ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு க்ரீமைக் குடிக்கக் கிளம்ப வேண்டாம். ஆனால் இந்தக் கறியில் எதை முதலில் குறைப்பது என்று கேட்டால் என் பதில் வெண்ணெய்தான். 30 கிராம் வெண்ணெய்க்குப் பதில் இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெயில் வதக்குங்கள். மொத்தத்தில் 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட முழுக்கவே விலகிப்போகும். க்ரீமின் வாசனையில் வெண்ணெய் இல்லாதது தெரியாது.

க்ரீம் இல்லாமல் அதே வழுவழுப்பு வருமா?

வரும். டென்மார்க் முறைதான் அதற்கு விடை. 20 கிராம் வெண்ணெயில் 15 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, 400 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் காய்ச்சி, வெந்த கோஸை அதில் புரட்டிவிடுங்கள். ஒருவருக்கு 170 கலோரிதான் வரும். நிறைவுற்ற கொழுப்பு 13 கிராமிலிருந்து நாலரைக்கு இறங்கும். புரதம் ஆறரை கிராமாக ஏறும். கால்சியமும் சுமார் 120 மில்லிகிராமிலிருந்து 195க்குப் போகும்.

எல்லாப் பக்கமும் லாபமாகவே இருக்கிறதே என்றால், ஆமாம், அப்படித்தான். வாரம் ஒருமுறை செய்கிற வீட்டில் இந்தப் பால் சாஸ் முறையைத்தான் வழக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். க்ரீம் விருந்தாளி வரும்போது. மைதா பிடிக்காதவர்கள் கோதுமை மாவிலோ, ஓட்ஸை மிக்ஸியில் பொடித்தோ செய்யலாம். நிறம் சற்று மங்கும், அவ்வளவுதான்.

கட்டித் தயிரும் ஊற்றலாம். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும். திரிந்ததைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, பார்க்கத்தான் நன்றாக இராது.

தேங்காய்ப்பால் ஊற்றினால் க்ரீமைவிட நல்லதுதானே? நம்ம ஊர்ப் பொருள் ஆயிற்றே!

இந்தக் கேள்வி அன்போடு கேட்கப்படுகிறது, பதில் அவ்வளவு இனிப்பாக இல்லை. கெட்டியான முதல் பாலில் 100 மில்லிக்கு 20 கிராமுக்கு மேல் கொழுப்பு; அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. நிறைவுற்ற கொழுப்பில் க்ரீமும் அதுவும் ஏறக்குறைய சமம். கால்சியத்தில் க்ரீமைவிடவும் பின்தங்கிவிடும். தேங்காயின் லாரிக் அமிலம் நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றுவது உண்மை. கெட்டதையும் சேர்த்தே ஏற்றுகிறது.

ஆனால் யாழ்ப்பாணத்துக் கோவாப் பால்கறியை (முட்டைக்கோஸுக்கு அங்கே கோவா என்று பேர்) செய்கிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். காயை வேகவிடுவது தண்ணியான இரண்டாம், மூன்றாம் பாலில். முதல் பால் கடைசியில் கொஞ்சம்தான். அந்த அளவோடு நின்றால் கொழுப்பும் அளவோடு நிற்கும். டப்பாவைத் திறந்து முழுதாகக் கவிழ்க்கிற பழக்கம்தான் சிக்கல். பாலே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பால் பொருளே தொடாதவர்களுக்கும் தேங்காய்ப்பால் நல்ல மாற்று என்பதில் சந்தேகமில்லை.

கடையில் விற்கும் எல்லா க்ரீமும் ஒன்றுதானா?

இல்லை. கேக் கடைக்காரர்கள் அடிக்கும் விப்பிங் க்ரீம் பலவற்றில் பாலே கிடையாது. தாவரக் கொழுப்பும் சர்க்கரையும்தான். கோஸில் ஊற்றினால் தித்திக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் பால் கொழுப்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புப் பொருட்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதனால் பழைய பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீட்டில் பால் காய்ச்சி எடுத்த ஏட்டை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றியும் ஊற்றலாம். நாலைந்து நாள் சேர்த்து வைத்த ஏடு என்றால் முதலில் முகர்ந்து பாருங்கள்.

தைராய்டு இருக்கிறது. முட்டைக்கோஸைத் தொடவே கூடாது என்கிறார்களே?

இந்த அச்சத்துக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. 1928இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், வேறொரு ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களுக்குக் கழுத்தில் கழலை வீங்குவதைச் செஸ்னி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். தேடிப் போனால் காரணம் தீவனம்: அந்த முயல்கள் தின்றது பெரும்பாலும் முட்டைக்கோஸ். கோஸில் உள்ள குளுகோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் உடையும்போது உண்டாகும் சில பொருட்கள், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அது உண்மை.

ஆனால் முயல் தின்றது பச்சைக் கோஸ், அதுவும் நாள்தோறும் வயிறு முட்ட. நாம் சாப்பிடுவது வெந்த கோஸ், ஒரு கிண்ணம். அந்தச் சேர்மத்தை உடைக்கிற மைரோசினேஸ் என்ற நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடுகிறது. அயோடின் கலந்த உப்பை ஒழுங்காகச் சேர்த்துக்கொள்கிறவர், வாரத்தில் இரண்டு மூன்று முறை சமைத்த கோஸ் சாப்பிட்டால் சுரப்பிக்கு ஆபத்தில்லை. தினமும் பெரிய டம்ளரில் பச்சைக் கோஸ் சாறு குடிக்கிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை தேவை. கல் உப்பு, இந்துப்பு என்று மாறிவிட்டவர்கள் கோஸைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால் அந்தப் பாக்கெட்டில் அயோடின் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

தைராக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கறியில் கவனிக்க வேண்டியது கோஸை அல்ல, பாலை. கால்சியம் அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிற வழக்கம் இருந்தால் மதியம் க்ரீம் கோஸ் சாப்பிடுவதில் தடையேதும் இல்லை.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்குச் சரிப்படுமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. வார்ஃபரின், அசினோகூமரால் இரண்டும் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையை மறித்துத்தான் பலன் தருகின்றன. செயற்கை வால்வு பொருத்திய பலர் எடுப்பது இவற்றைத்தான். ஒரு பங்கில் உள்ள 200 கிராம் கோஸில் சுமார் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. கொழுப்போடு சேரும்போது அது நன்றாகவே உடம்பில் ஏறும்.

கோஸையே ஒதுக்கிவிடுவது தீர்வல்ல. உங்கள் ஐஎன்ஆர் அளவை (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவை வைத்திருப்பது, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு ஏற்ப. அந்த வழக்கம் திடீரென்று மாறினால்தான் வம்பு. மாதக்கணக்கில் கீரை, கோஸ் பக்கமே போகாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினமும் சாப்பிட்டால் மருந்தின் வேகம் குறைந்து இரத்தம் உறையும் அபாயம் கூடும். வழக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினால் இரத்தக்கசிவு வரலாம். எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு. மாற்ற நினைத்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை. அபிக்சபான், ரிவராக்சபான், டபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கோஸில் நாடாப்புழு இருக்கும், அது மூளைக்கு ஏறிவிடும் என்பது நிஜமா?

பாதி நிஜம், பாதி குழப்பம். இலை இடுக்கில் நெளிகிற பச்சைப் புழு அந்துப்பூச்சியின், வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. அருவருப்பாக இருக்கலாம், ஆனால் மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மூளைக்குப் போவது கண்ணுக்குத் தெரியாத வேறொன்று: பன்றி நாடாப்புழுவின் முட்டை. குடலில் அந்தப் புழு உள்ள மனிதரின் மலம் பாசன நீரிலோ மண்ணிலோ கலந்து, காயின் மேல் ஒட்டி, கழுவாமல் பச்சையாகத் தின்பவரின் வயிற்றுக்குள் போனால், முட்டை பொரித்து மூளைவரை சென்று கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கக்கூடும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் இந்த நோய் வருவது இந்த வழியில்தான். கோஸுக்கு மட்டும் உரிய குற்றமல்ல இது. கேரட், கொத்தமல்லி, லெட்டூஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இலை மேல் இலையாக மூடியிருப்பதால் கோஸ் பேர் வாங்கிக்கொண்டது.

வெளி இலை மூன்று நான்கைக் கழற்றிப் போடுங்கள். நான்காகப் பிளந்து, ஓடும் தண்ணீரில் இதழ் இதழாகக் கழுவுங்கள். பிறகு நன்றாக வேகவையுங்கள். ஆவி பறக்க வெந்த கோஸில் அந்த முட்டை பிழைக்காது. க்ரீம் கோஸ் மூடிபோட்டு வேகிற பதார்த்தம் என்பதால் இந்த விஷயத்தில் ஹோட்டல் சாலட்டைவிடப் பத்திரமானது. வெளி இலையைக் கழற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி பல பூச்சிமருந்துகளுக்கு மசியாமல் பழகிவிட்டது. அதனால் ஊட்டியோ ஓசூரோ, வயலில் மருந்து அடிப்பது அதிகம். அதன் எச்சம் கூடுதலாகத் தங்குவது வெளி இலையில்தான்.

வாயுத் தொல்லை வருமே?

சிலருக்கு வரும். கோஸில் உள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது. பெருங்குடலில் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. கந்தகச் சேர்மங்கள் அதற்கு மணம் சேர்க்கின்றன! எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள் கோஸை மட்டும் பழிப்பது வழக்கம். ஆனால் இந்தச் சட்டியில் வெங்காயமும், பால் சாஸ் முறையில் மைதாவும்கூட இருக்கின்றன, அவற்றில் உள்ள ஃப்ரக்டான் என்ற செரிக்காத சர்க்கரைச் சேர்மம் பலருக்குக் கோஸைவிடத் தொந்தரவு தரும். இந்த நோயாளிகளுக்கு எந்த உணவு எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் சாதாரண வெள்ளைக் கோஸ் 75 கிராம் வரை பாதுகாப்பான அளவாக இருக்கிறது. சவாய்க்கு அதைவிடக் குறைவு. வெங்காயத்தை நீக்கி, வெள்ளைக் கோஸில், ஒரு பங்கில் மூன்றில் ஒன்றை மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். சீரகமும் இஞ்சியும் சேர்ப்பதில் தப்பில்லை. ஜெர்மன்காரர்களும் கோஸுக்குக் சீரகத்தின் சாயலுள்ள சீமைச் சோம்பைத்தான் (கேரவே) நாடுகிறார்கள்.

பால் ஒத்துக்கொள்ளாது. க்ரீம் சாப்பிடலாமா?

லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோர் சாப்பிடலாம். க்ரீமில் லாக்டோஸ் 3 சதவீதம் அளவில்தான் இருக்கிறது. ஒருவர் பங்குக்கு வரும் 50 மில்லியில் ஒன்றரை கிராம். ஒரே வேளையில் 12 கிராம் வரை பலருக்குத் தொந்தரவில்லாமல் செல்லும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்னது. பால் சாஸ் முறையில் ஒரு பங்குக்கு 5 கிராம் வரும், பார்த்துச் செய்யுங்கள். பால் புரத ஒவ்வாமை முற்றிலும் வேறு விஷயம். அதில் ஒரு கரண்டிக்கும் இடமில்லை.

அல்சருக்கு முட்டைக்கோஸ் மருந்தாமே?

இந்தப் பதார்த்தத்தின் இரண்டு பொருளுமே ஒருகாலத்தில் அல்சர் மருந்தாக இருந்தவை என்பது வேடிக்கை. 1915இல் சிகாகோவில் பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர், அல்சர் நோயாளிகளுக்கு மணிக்கொரு தரம் பாலும் க்ரீமும் கலந்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க மருத்துவமனைகளில் அதுதான் நடந்தது. பால் அப்போதைக்கு எரிச்சலைத் தணித்தாலும் பிறகு அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது என்பது பின்னால் தெரிந்தது.

1949இல் ஸ்டான்ஃபோர்டின் கார்னெட் செனி, பச்சைக் கோஸ் சாறு குடித்தவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறியதாக எழுதினார். அதில் உள்ள பொருளுக்கு வைட்டமின் யூ என்று பேர் வைத்தார். அது வைட்டமின் அல்ல, எஸ்-மெத்தில் மெத்தியோனின் என்ற சேர்மம். அவர் பார்த்தது சிலரை மட்டும்தான். 1982இல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைப் பிடித்ததும் கதையே மாறியது. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு. இன்று அல்சருக்கு வைத்தியம் அந்தக் கிருமியைச் சோதித்து ஒழிப்பதும், வலிமாத்திரைப் பழக்கத்தை நிறுத்துவதும். புண் இருக்கும்போது காரமில்லாத இந்தக் கறி நாக்குக்கு இதம். நெஞ்சில் எதுக்களிப்பு உள்ளவர்களுக்கோ, கொழுப்பு அதிகமான சாப்பாடு இரவில் தொல்லையைக் கூட்டும். அவர்களுக்குப் பால் சாஸ், அதுவும் மதியம்.

புற்றுநோயைத் தடுக்குமா?

கோஸ் குடும்பத்துக் காய்களில் குளுகோசினோலேட் உடைந்து உண்டாகும் ஐசோதயோசயனேட்டுகள் சோதனைக்கூடத்தில் நம்பிக்கை தருகின்றன. மனிதர்களிடம் ஆதாரம் அந்த அளவுக்கு உறுதியாக இல்லை. காயாகச் சாப்பிடுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம். ஒரு சுவையான தகவல்: வெந்த கோஸில் செத்துப்போன மைரோசினேஸ் நொதி, கடுகிலும் இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகு அரைத் தேக்கரண்டி பச்சைக் கடுகுப்பொடியைக் கலந்தால் அந்த வேலை மீண்டும் தொடங்கும். தாளித்த கடுகு உதவாது, சூட்டில் அதன் நொதியும் போய்விடுகிறது. இந்தக் கறிக்குக் கடுகு சுவையிலும் பொருந்தும்.

சர்க்கரை நோயாளிகள்?

தாராளமாக. பங்குக்கு 15 கிராம் மாவுச்சத்து, அதில் ஐந்து கிராம் நார். பக்கத்தில் எத்தனை சப்பாத்தி என்பதைத்தான் எண்ண வேண்டும். இதயநோயும் சேர்ந்திருந்தால் பால் சாஸ் முறைக்கு மாறுங்கள்.

சிறுநீரகக் கல் இருக்கிறவர்கள் கோஸைத் தவிர்க்க வேண்டுமா?

வேண்டாம். தக்காளியோடும் பசலையோடும் சேர்த்துக் கோஸையும் தடைப்பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் கோஸில் மிகக் குறைவு. அதனால்தான் அதிலுள்ள கால்சியமும் உடம்பில் நன்றாகச் சேர்கிறது.

சிறுநீரகச் செயலிழப்பு என்றால் கணக்கு வேறு. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கோஸை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லியிருந்தால், மற்ற எல்லாருக்கும் சொன்னதற்கு நேர்மாறாக, பால் சாஸைவிடக் கொஞ்சம் க்ரீமே மேல். க்ரீமில் பாஸ்பரஸ் குறைவு. சீஸ் ஸ்லைஸ் கிழித்துப் போடும் வழக்கம் மட்டும் அறவே கூடாது, அதில் பாஸ்பேட் உப்புகள் சேர்த்திருப்பார்கள். அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள், குழந்தைகள்?

கர்ப்ப காலத்தில் நல்லதுதான். கோஸில் ஃபோலேட் இருக்கிறது, சவாயில் இன்னும் கூடுதல். ஆனால் வேகும்போது ஒரு பகுதி போகும், மருத்துவர் தந்த ஃபோலிக் அமில மாத்திரைக்கு அது ஈடாகாது. க்ரீம் பாஸ்சுரைஸ் செய்ததாக இருக்கட்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு உப்பு போடுவதற்கு முன் கொஞ்சம் எடுத்து வைத்து நன்றாக மசித்துக் கொடுங்கள். சின்னக் குழந்தைக்குக் கொழுப்பு தேவைதான், க்ரீமைக் கண்டு பதற வேண்டியதில்லை.

ஜாதிக்காய் எவ்வளவு போடலாம்?

நான்கு பேருக்கு இரண்டு சிட்டிகை போதும். தேக்கரண்டி கணக்கில் போனால் தலைசுற்றல், படபடப்பு, மனமயக்கம்வரை கொண்டுபோகும் சரக்கு அது.

சத்து போகாமல் எப்படி வேகவைப்பது?

ராம்விர்சிங் செய்யும் பல ஜெர்மன் வீடுகளில் சவாயைக் கொதிநீரில் போட்டு வடித்துவிட்டுத்தான் க்ரீமில் சேர்ப்பார்கள். பச்சை நிறம் நிற்கும், கசப்பு குறையும். வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் வடிகட்டிய தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீரை ரசத்துக்கோ பருப்புக்கோ ஊற்றிவிட்டால் போனது திரும்பும். வடிக்காமல் செய்வதானால், மெல்லியதாக அரிந்து, இரண்டு கைத் தண்ணீர் தெளித்து, மூடி, எட்டுப் பத்து நிமிடம். கடித்தால் சற்று நறுக்கென்று இருக்கும்போதே க்ரீமை ஊற்றி இறக்குங்கள். அதிக நேரம் வெந்தால் கந்தகச் சேர்மங்கள் உடைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். கல்யாணப் பந்தல் சமையலறையின் பின்புறம் வீசுமே, அந்த வாசனை. பச்சை நிறத்துக்காகச் சோடா உப்பு போடாதீர்கள், வைட்டமின் சி-யையும் தயமினையும் அது அழித்துவிடும்.

உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் கோஸ் தண்ணீர் விட்டுச் சுருங்கும், சுருங்கிய பிறகு பார்த்தால் உப்பு கரிக்கும். சூப் கியூப் போடுகிறவர்கள் தனியாக உப்பே போட வேண்டாம்.

மிஞ்சினால் மறுநாள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், வெளியே எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பொறுத்து. பாலும் மாவும் சேர்ந்த பண்டம் நம் வெயிலில் சீக்கிரம் கெடும். சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், 32 டிகிரிக்கு மேல் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள்ளும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆழமான பாத்திரத்தில் வைத்தால் நடுவில் சூடு ஆறாது, அகலமான டப்பாவில் பரப்பி வையுங்கள். இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. சூடுபண்ணும்போது இரண்டு கரண்டி பால் விட்டு, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே, எல்லா இடத்திலும் ஆவி வரும்வரை. ஒருமுறை சூடுபண்ணியதை மறுபடி ஃபிரிட்ஜுக்குள் தள்ளாதீர்கள்.